தடங்கலுக்குக் காத்திருந்தவள்

சங்கரலிங்கம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜானகியம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். முந்தானைக்குள் எதையோ பொத்தி வைத்திருந்தாள். முதலில் மழையைப் பற்றிப் பேசினாள், பிறகு தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றிப் பேசினாள். இரண்டுக்கும் அவன் "ஆமாம்மா" என்று சொல்லி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"தம்பி, டி.வி.ல காணாப் போனவங்க போட்டோ காட்டுறாங்களே, அது நீங்க காட்டுறதுதானுங்களே?"

இந்த மாதிரிக் கேள்விகள் அவனுக்குப் பழகிப் போனவை. நெய்வேலிக்கு டி.வி. ரிலே நிலையம் வந்து நாலு வருஷமாகிறது. டவுன்ஷிப் ஓரத்தில் ஒரு கட்டடம், பக்கத்தில் ஒரு கோபுரம், உள்ளே பீரோ உயரத்துக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர், அதைப் பார்த்துக்கொள்ள ஷிப்டுக்கு ஓர் ஆள். அவ்வளவுதான் நிலையம். மூன்று வருஷம் டெல்லியிலிருந்து வந்த ஹிந்தியை ஜனங்கள் ஒரு வார்த்தை புரியாமல் பக்தியோடு பார்த்தார்கள். போன வருஷம் மெட்ராஸ் நிகழ்ச்சி வர ஆரம்பித்ததும்தான் பிடித்தது சனி. ஞாயிற்றுக்கிழமை சினிமாவைத் தேர்ந்தெடுப்பதே சங்கரலிங்கம் என்று பாதி ஊர் நம்பியது. "போன வாரம் ஏன் சார் அவ்ளோ அழுவாச்சிப் படம்?" என்று பஸ்ஸில் கேட்டார்கள். வழியில் எங்காவது இணைப்பு அறுந்து படம் நின்றால் திட்டு முழுக்க அவனுக்குத்தான். சுண்டுவிரல் அளவு பிள்ளைகள்கூட அவனைத் தடங்கல் மாமா என்று கூப்பிட்டன. ரேஷன் கடை வரிசையில் அவன் மனைவி புஷ்பவல்லிக்குத் தடங்கல் சார் வீட்டம்மா என்று பெயர். அவள் அதற்காக அவனிடம் ஒரு வாரம் பேசவில்லை.

"அது மெட்ராஸ்ல காட்டுததும்மா. அங்கயிருந்து வாரதை வாங்கி ஊருக்கு விடுதவன்தான் நான். போலீஸ்ல எழுதிக் குடுத்தா, அவுக பேப்பர் வச்சு மெட்ராஸுக்கு அனுப்பலாம். யாரைக் காணும்?"

ஜானகியம்மாள் முந்தானையைப் பிரித்தாள். வடலூர் தைப்பூசத் திருவிழாவில் எடுத்த போட்டோ. பின்னால் வரைந்த திரையில் ஒரு பங்களாவும் இரண்டு அன்னமும். முன்னால் பதினாறு பதினேழு வயதில் இரண்டு பையன்கள் தோளில் கைபோட்டு நின்றார்கள். அவள் இடது பக்கத்துப் பையன்மேல் விரலை வைத்தாள்.

"எம் புள்ள தம்பி. பத்து வருசம் ஆச்சு."

சங்கரலிங்கம் வலது பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரித்தான். அது பக்கத்து வீட்டுக்காரர், இதே ஜானகியம்மாளின் மகன் பழனிவேல். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. மீசையில்லாமல் ஒல்லியாக இருந்தாலும் அந்தத் தெற்றுப்பல் காட்டிக்கொடுத்தது. "இது நம்ம பழனிவேல்லா?" என்றான்.

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். விரல் இடது பக்கத்துப் பையன்மேலேயே இருந்தது. "இல்ல தம்பி. இதாங்க பழனிவேலு" என்றாள்.

பிறகு வேலிக்கு அந்தப் பக்கமே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் நிலம் வளையமாதேவிப் பக்கம். சுரங்கத்துக்கு எடுத்தபோது நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று பட்டியல் எழுதிப் போனார்கள். ஒரே மகன் பழனிவேல், அவன் பேரைக் கொடுத்தார்கள். பையனுக்குச் சினிமாப் பைத்தியம். விதை நெல் வாங்கிவரப் போனவன் கடலூரில் இரண்டு காட்சி பார்த்துவிட்டு மறுநாள் வந்தான். அப்பா மாட்டுக்கயிற்றால் அடித்தார். அன்றைக்குக் கிளம்பிப் போனவன்தான். இரண்டு வருஷம் கழித்து வேலைக்குக் கார்டு வந்தது. அதற்குள் நிலம் போயிருந்தது, அப்பாவும் காய்ச்சலில் போயிருந்தார், மகனையும் காணோம். கார்டு மட்டும் சரியாக வந்து சேர்ந்தது. ஊரில் நாலு பேர் உட்கார்ந்து யோசித்தார்கள். நாத்தனார் மகன் வேணு அவள் வளர்த்த பிள்ளை, தாய் தகப்பன் இல்லாதவன், பழனிவேலுக்கு ஒரே வயசு. மகள் தனத்துக்கு முறை மாப்பிள்ளையும்கூட. அவனே பழனிவேலாகப் போகட்டும் என்று முடிவாயிற்று. அதைக் குற்றம் என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நிலம் நிஜம், வேலை நிஜம், பேர்தானே என்று நினைத்தார்கள்.

சிக்கல் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. குவார்ட்டர்ஸுக்குக் குடும்ப விவரம் எழுதும்போது வேணு பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம். அவன் பழனிவேல் என்றால் ஜானகியம்மாள் அவனைப் பெற்ற தாய். அப்படியானால் தனம் அவளுக்கு மகளாக இருக்க முடியாது. மகளை மருமகளாக எழுதினார்கள். எட்டு வருஷமாக இந்த வீட்டில் தனம் வாசலில் ஆள் நடமாட்டம் இருந்தால் பெற்றவளை "அத்தே" என்கிறாள். ஜானகியம்மாள் மருமகனை உள்ளே "மாப்ள" என்றும் வெளியே "டேய் பழனி" என்றும் கூப்பிடுகிறாள். மாமியாரும் மருமகளும் இவ்வளவு ஒற்றுமையாக எந்த வீட்டிலாவது உண்டா என்று புஷ்பவல்லி ஊருக்குக் கடிதத்தில்கூட எழுதியிருந்தாள். சங்கரலிங்கத்துக்கு இப்போது அது நினைவு வந்தது.

"வெளிய அவுர அந்தப் பேரு சொல்லிக் கூப்புடுறப்பல்லாம் எனுக்கு நாக்குல முள்ளு குத்துதுங்க தம்பி" என்றாள் ஜானகியம்மாள்.

இரண்டு மாதத்துக்கு முன் அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் குறிஞ்சிப்பாடி சந்தைக்குப் போயிருக்கிறார். பஞ்சாயத்து பூங்காவில் டி.வி. முன்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பழனிவேல் படம் பார்த்துக்கொண்டிருந்தானாம். இவர் இடித்துப் பிடித்துக் கிட்டே போவதற்குள் கரண்ட் போய்க் கூட்டம் கலைந்துவிட்டது. அதன்பிறகு அவள் நாலு தடவை குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறி, தறிச் சத்தம் கேட்கும் தெருவெல்லாம் நடந்து பார்த்துவிட்டாள்.

"எங்க இருந்தாலும் ஞாயித்துக்கெழம படம் பாக்காம இருக்க மாட்டான். அப்ப மூஞ்சிய மட்டும் ஒரு நிமிசம் காட்டுங்க. பேரு வேணாங்க. போலீசுக்கு நான் எப்புடிப் போவன்? பழனிவேலக் காணம்னு சொன்னா, தெனமும் மைன்ஸ்ல கையெழுத்துப் போட்டுகினு இருக்கானேன்னு சொல்லுவாங்களே."

அது சரிதான். காகிதத்தில் அவள் பிள்ளை தொலையவே இல்லை. முதல் ஷிப்டுக்குப் போனான், வந்தான், போனஸ் வாங்கினான், பெண்குழந்தை பெற்றான். தொலையாத பிள்ளையை எந்தப் போலீஸ் தேடும்?

சங்கரலிங்கத்துக்கு இல்லை என்று சொல்ல வராது. அது அவன் பிறவி வியாதி. ஓடுகிற படத்தை நிறுத்த முடியாது, வேலை போய்விடும் என்றான். ஆனால் நிலையத்தில் ஒரு மரப்பலகை இருந்தது. அதற்கு எதிரே ஒரு சின்னக் கேமரா, இரண்டு பக்கமும் இரண்டு பல்பு. இணைப்பு அறுந்தால், 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று பெயிண்டர் எழுதிக் கொடுத்த அட்டையைப் பலகையில் சொருகி ஸ்விட்சைத் தட்டினால் போதும், சுற்றுவட்டாரம் முழுக்க அது தெரியும். "படம் தானா நின்னுச்சுன்னா, அட்டைக்குப் பதிலா இதை வைக்கேன்" என்று சொல்லிவிட்டான். சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை படம் நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் அந்த டவுன்ஷிப்பில் ஜானகியம்மாளாகத்தான் இருக்கும். அவர்கள் வீட்டில் டி.வி. இல்லை. சங்கரலிங்கத்தின் வீட்டு டி.வி. முன்னால் பிளாக்கில் பாதிப் பேர் உட்காருவார்கள். அவள் சுவரோரம் கண்ணை மூடி, கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருப்பாள் என்று புஷ்பவல்லி சொன்னாள். "சாமி படம்கூட இல்ல, சண்டைப் படம். அதுக்குப் போயி அந்தம்மா கண்ண மூடிக் கும்பிடுதாக" என்று ஆச்சரியப்பட்டாள். வழக்கமாக வாரம் தவறாமல் அறுந்துபோகிற இணைப்பு மூன்று வாரம் அம்மி மாதிரி அசையாமல் நின்றது. டவுன்ஷிப்பே சங்கரலிங்கத்தைப் பாராட்டியது. மெட்ராஸிலிருந்துகூடப் போனில் நல்லபடியாகப் போகிறது என்றார்கள். படம் முடிந்து அவன் வீடு திரும்பும்போது ஜானகியம்மாள் வேலியோரம் நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். அவனே குற்றவாளிபோல "இன்னிக்கும் நிக்கலம்மா" என்பான்.

மூன்றாவது வாரம் புஷ்பவல்லிக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. "நீங்க ஏன் இதுல தலையக் குடுக்கீங்க? நமக்கென்ன அக்காவா தங்கச்சியா?" என்று சத்தம் போட்டாள். பிறகு அவளே கொஞ்சநேரம் கழித்து, "பத்து வருசமா எப்படித்தான் மனசுக்குள்ள வச்சிருந்தாகளோ" என்று மூக்கை உறிஞ்சினாள்.

அந்த வாரம்தான் தனம் வந்தாள். புஷ்பவல்லி குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இட்லிமாவுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வந்தாள். பாத்திரத்தை வைத்தவள் போகவில்லை.

"அண்ணே, அம்மா உங்ககிட்ட ஒரு போட்டோ குடுத்துச்சா?"

அத்தை என்று சொல்லாமல் அம்மா என்று சொன்னதிலேயே அவளுக்கு எல்லாம் தெரியும் என்று புரிந்தது. அவன் தலையாட்டினான்.

"காட்டாதீங்கண்ணே. அது எனுக்குக் கூடப் பொறந்த அண்ணன். எனுக்கு மட்டும் பாக்கணும்னு இருக்காதா? என்னத் தோள்ல தூக்கிகினு திருவிழாவுக்குப் போனது அதுதான். ஆனா அது வந்து நின்னா இவுரு யாரு? நான் யாரு? எங்க நெலத்துல போயி நிக்கலாம்னா அங்க இப்ப நூறடிப் பள்ளம் கெடக்குது. ஜெயிலுன்றாங்களே, மெய்யாங்களா?"

அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். "காட்ட மாட்டேன் தங்கச்சி" என்றான். இவளிடமும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. ஒரே வாயால் அம்மாவுக்கும் மகளுக்கும் வாக்குக் கொடுத்தவன் உலகத்தில் தான் ஒருத்தனாகத்தான் இருப்போம் என்று அன்று முழுக்க நொந்துகொண்டான். கடைசியில் காட்டுவதில்லை என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டான். இருக்கிற ஒரு குடும்பத்தை உடைத்துத்தானா போன ஒருத்தனைக் கொண்டுவர வேண்டும்? போட்டோவைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நிலையத்து மேஜை டிராயரில் வைத்தான்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை, படம் தொடங்கி முக்கால் மணி நேரத்தில், கதாநாயகியின் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கிற சமயம் பார்த்து மானிட்டரில் வெறும் புள்ளிகள் கொப்பளித்தன. சங்கரலிங்கம் ஓர் எட்டில் பலகைக்குப் போனான். கை தானாக அட்டையை எடுத்தது. அப்போது தன் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருப்பவளை நினைத்தான். ஊரே உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கும். அவள் ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்திருப்பாள். நாலு வாரம் கேட்ட வரம் கிடைத்து நிமிர்ந்து பார்க்கும்போது, வருந்துகிறோம் என்கிற எழுத்தை, அதுவும் எழுத்துத் தெரியாதவளிடம், எப்படிக் காட்டுவது? அவன் டிராயரை இழுத்தான்.

போட்டோவை நடுவில் மடித்து, வேணு இருக்கும் பாதியைப் பின்னால் தள்ளி, பழனிவேல் முகம் மட்டும் தெரியும்படி பலகையில் செருகினான். கீழே ஒரு துண்டு அட்டையில் 'இவரைக் காணவில்லை. டி.வி. நிலையத்தில் தெரிவிக்கவும்' என்று மையால் எழுதி வைத்தான். ஸ்விட்சைத் தட்டினான். மானிட்டரில் பையன் சிரித்தான். கன்னத்தில் குழி விழுகிற நல்ல சிரிப்புதான், சினிமாவுக்கு ஓடக்கூடிய சிரிப்பு. அதற்குள் போன் அடித்தது. திரும்பி நின்று இணைப்பு எங்கே அறுந்தது, எப்போது வரும் என்று கத்திப் பேசிக்கொண்டிருந்தான். நாலு நிமிஷம் இருக்கும். பேசி முடித்துத் திரும்பினான். பல்புச் சூட்டில் பழைய காகிதம் முறுகி, மடிப்பு அப்பளம் மாதிரி நிமிர்ந்து விரிந்திருந்தது. மானிட்டரில் இரண்டு பையன்களும் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வலது பக்கத்துத் தெற்றுப்பல் துல்லியமாகத் தெரிந்தது.

பதறியடித்து அட்டையை மாற்றினான். மாற்றின கையோடு மெட்ராஸ் வந்துவிட்டது. தாலி கட்டி முடிந்திருந்தது.

அவன் வீட்டுக்கு வந்தபோது ஜானகியம்மாள் வேலியோரம் நிற்கவில்லை, நேரே வாசலுக்கே வந்தாள். அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சிரிச்சான் தம்பி, என்னப் பாத்துச் சிரிச்சான்" என்றாள். அவளுக்குப் பின்னால் இருட்டில் தனம் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று வேணுவுக்கு இரண்டாவது ஷிப்டு. சுரங்கத்துக் கேன்டீனிலும் டி.வி. உண்டு. டீ குடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். "டேய் பழனி, உன்னயக் காணமாம்டா! வூட்ல சொல்லிட்டுத்தான வந்த?" என்று பெல்ட் ஓரம் முழுக்க ஒரே சிரிப்பாம். அவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான். சிரிப்புக்கு இரண்டு நாளில் கால் முளைத்து ஆபீசுக்குள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெள்ளைச்சாமி வந்தார். ஆள் நியமன ஆபீசில் விசாரணை பார்க்கிறவர், மதுரைப் பக்கத்துக்காரர், கடிந்து பேசத் தெரியாத மனிதர். பழனிவேல் என்ற பெயருக்கான ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் வந்து, வேர்வையைத் துடைத்துவிட்டு, வராந்தாவில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கரலிங்கத்தையும் கூப்பிட்டனுப்பினார். அவனுக்குத் தன் மேலதிகாரியிடமிருந்து ஏற்கெனவே ஒரு மெமோ வந்திருந்தது. இன்னும் என்ன வரும் என்பதைவிட, தன்னால் இந்த வராந்தாவுக்கு வந்த நாற்காலியைப் பார்க்கத்தான் அவனுக்குக் கூசியது. வேணு லுங்கியும் பனியனுமாகத் தூணோரம் நின்றான். தனம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜானகியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. மொட்டைக் கடுதாசி ஒண்ணு வந்திருக்கு. கேக்க வேண்டியது என் கடமை" என்று, டி.வி. நிலையத்திலிருந்து வாங்கி வந்த போட்டோவை அவள் முன்னால் வைத்தார். "வலது பக்கம் நிக்கிறது இந்தா நிக்கிறாரே, இவர்தான். அது எனக்கே தெரியுது. இவர் உங்க மகன் பழனிவேல்தானே?"

"ஆமாங்க" என்றாள். குரல் பிசிறில்லாமல் வந்தது. எட்டு வருஷப் பழக்கம்.

"அப்ப இடது பக்கம்? காணாமப் போனது யாரு?"

சங்கரலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தான். பத்து வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஓர் அரசாங்க மனுஷன் அவள் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார். அவளுடைய வாய் அந்தப் பேருக்காகத் திறந்ததை அவன் கண்ணால் கண்டான்.

"எங்க நாத்தனா மவன்" என்றாள் ஜானகியம்மாள். "வேணு. தாய் தவப்பன் இல்லாத புள்ள, நாந்தான் வளத்தன். பத்து வருசமாக் காணங்க."

தூணோரம் நின்ற வேணு தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளைச்சாமி பேனாவைத் திறந்து, வேணு, அத்தை மகன், காணாமல் போனவர் என்று நிதானமாக எழுதினார். எழுதும்போது அவர் உதடும் அசைந்தது. தனம் கதவை விட்டுக் கையை எடுத்தாள். முடிந்தது என்று எல்லோருக்குமே தோன்றிய நேரம் அதுதான். புஷ்பவல்லிகூட அந்தப் பக்க வேலியில் காப்பி டம்ளரோடு தயாராக நின்றாள்.

கேட்டில் சைக்கிள் மணி அடித்தது.

"டி.வி. ஆபீஸ்ல விசாரிச்சங்க. வாட்ச்மேன் இந்த லைன்லதான் சார் வூடுன்னு சொன்னாரு."

முப்பதை நெருங்குகிற ஆள். விரல் நுனியெல்லாம் நூலுக்குச் சாயம் போடுகிற நீலம் ஏறியிருந்தது. முன்மண்டை ஏறியிருந்தாலும் கன்னத்தில் அந்தப் போட்டோக் குழி அப்படியே இருந்தது. சங்கரலிங்கத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டு வந்தவன் கண், தரையில் உட்கார்ந்திருந்தவள்மேல் போய் நின்றது. சைக்கிளை ஸ்டாண்டு போடாமலேயே கையை விட்டான். அது வேலியில் சாய்ந்து விழுந்தது.

ஜானகியம்மாள் எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை, முட்டிவலிக்காரி. இரண்டு எட்டு வைத்தாள். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் கால் நின்றுவிட்டது.

"யாரும்மா?" என்றார் வெள்ளைச்சாமி, பேனாவை மூடாமல்.

வந்தவன் வாயைத் திறந்து 'அம்மா' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை, வீடு, நிலைக்கதவுக்குள் நிற்கிற அந்தக் குழந்தையின் பள்ளிக்கூடத்துப் பேர் எல்லாம் போய்விடும். வந்தவன் உதடு பிரிந்தது. அந்த நேரத்தில் வேணு தூணை விட்டு ஓடினான். ஓடிப்போய் அவன் தோள்களைப் பிடித்துக் குலுக்கி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

"டேய் வேணு! என்னத் தெரியுதாடா? நான் பழனிடா! உன் மாமன் மவன் பழனிவேலுடா! மைன்ஸ்ல பர்மனென்ட்டு ஆயிட்டண்டா!"

சிரித்துக்கொண்டேதான் கத்தினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தன் பேரைத் தானே ஓர் ஆளிடம் ஒப்படைக்கிற மனுஷனைச் சங்கரலிங்கம் அதற்குமுன் பார்த்ததில்லை.

வந்தவன் அவனைப் பார்த்தான். அவன் தோளுக்குமேல் கதவைப் பார்த்தான். அங்கே வெள்ளைப் பெயிண்டில் ஆ. பழனிவேல் என்று எழுதியிருந்தது. வாசலில் நிற்கும் தங்கையை, அவள் கழுத்துத் தாலியை, பக்கத்தில் நிற்கும் குழந்தையைப் பார்த்தான். நாற்காலியில் இருக்கிறவரையும் மடியில் திறந்திருக்கிற ஃபைலையும் பார்த்தான். படிப்பு அதிகம் இல்லாதவன்தான். ஆனால் ஞாயிறுதோறும் கதைகள் பார்த்தவன், ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுகொள்ள அவனுக்கு வெகுநேரம் ஆகவில்லை. சங்கரலிங்கத்துக்கு அந்த நேரம் ஒரு முழு ஷிப்டு மாதிரி இருந்தது.

வேணுவின் கையை அவன் மெதுவாகத் தோளிலிருந்து எடுத்துவிட்டான். கேட்டைத் திறந்து உள்ளே வந்தான். படியில் விருந்தாளியைப்போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஜானகியம்மாளுக்கு முன்னால் வந்து நின்றான். அவள் இரண்டு கைகளாலும் அவன் கன்னத்தைத் தொட்டாள். தாடையை, காதோரத்தை, மாட்டுக்கயிறு பட்டுத் தழும்பான கழுத்தைத் தடவினாள். எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கீங்களா அத்தே?" என்றான்.

கன்னத்தில் இருந்த கைகள் அப்படியே நின்றன. வெள்ளைச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புஷ்பவல்லி வேலிக்கு அந்தப் பக்கம் ஆறிப்போன காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். ஜானகியம்மாள் முந்தானையை எடுத்தாள். குறிஞ்சிப்பாடியிலிருந்து வெயிலில் மிதித்து வந்த அந்த முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அவள் நெற்றியிலிருந்து ஆரம்பித்து அதைத் துடைக்கத் தொடங்கினாள்.